முன்பணமும் வாக்கும்: உடப்புக் கரையிலிருந்து ஒரு நோக்கு

பெருமூலதனத்துக்கும் நவீன ஜனநாயகத்துக்கும் இடையிலான உறவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தலைநகரங்களிலிருந்தே தமது ஆய்வைத் தொடங்குகின்றனர். 2010 ஜனவரி 21இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கம்பனிகள் தேர்தற் பரப்புரைக்குச் சுதந்திரமாகச் செலவிடும் பணத்தைப் பேச்சுரிமையின் பாற்பட்டதாகக் கொண்டு அளித்த தீர்ப்பு இவ்வகை எழுத்துகளில் தவறாது இடம்பெறும். அத்தீர்ப்பு முக்கியமானதே. ஆயின், அங்கிருந்து தொடங்கும் ஆய்வு பணம் புறப்படும் இடத்தை மட்டுமே காட்டுகின்றது. அது சென்று சேரும் இடம் இருளிலேயே கிடக்கின்றது. எனவே நாம் மறுமுனையிலிருந்து தொடங்க விரும்புகிறோம். புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் ஏரியும் ஒல்லாந்தர் கால்வாயும் சூழ்ந்த மணற்பரப்பில் அமைந்துள்ள உடப்பு அதற்குப் பொருத்தமான களம் என்பது எமது கருத்து.

உடப்பு மக்கள் தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர் என்ற வழிவழிச் செய்தியைப் பேணி வருபவர்கள். கரைவலை அவர்களது தொழில். திரௌபதை அம்மன் கோயிலின் ஆடிமாதத் தீமிதிப்பு அவர்களது ஆண்டின் உச்சம். நாட்டாரியலாளர் இவ்வூரை அம்பாப் பாடலுக்காக அறிவர். சமய ஆய்வாளர் பதினெட்டு நாள் விழாவுக்காக அறிவர். அரசியற் பொருளியல் நோக்கில் இவ்வூரை அணுகியோர் மிகச் சிலரே. பாட்டைக் கேட்ட நாம், பாடியவர் எவருடைய கயிற்றை இழுத்தனர் என்று கேட்கத் தவறிவிட்டோம்.

கரைவலைத் தொழிலின் அமைப்பு யாவரும் அறிந்ததே. வலையும் தோணியும் உடையவர் சம்மாட்டி. கயிறு பிடித்து இழுப்போர் பங்குக்கு உழைப்போர். தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வலை வாடியிலேயே கிடக்கும்; அக்காலத்தில் அடுப்பு எரிவது கடனால். பருவம் தொடங்குமுன் பெறும் முன்பணம் உழைப்பாளியை ஒரு வலையோடு பிணைத்துவிடுகின்றது. இலங்கையின் தென், மேற்குக் கரையோரங்களைப் பற்றிப் பால் அலெக்சாந்தர், ஆர். எல். ஸ்ரிரற் ஆகியோர் 1980களில் வெளியிட்ட ஆய்வு நூல்கள், கடனும் உடைமையும் மீனவ சமூக உறவுகளை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளன.

முன்பணம் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை இங்கு நுணுகி நோக்குதல் வேண்டும். முன்பணம் பெற்றவன் விலைக்கு வாங்கப்பட்டவனல்லன். எவரும் அவனுக்குக் கட்டளை பிறப்பிப்பதில்லை. ஊர்க்கூட்டத்தில் அவன் பேசலாம். விரும்பினால் முரண்படவும் செய்யலாம். ஆனால், அடுத்த மழைக்காலத்திலும் அவன் அதே வாசலுக்குத்தான் செல்ல வேண்டியிருக்கும் என்பதை அவனும் அறிவான், வாசலுக்குரியவரும் அறிவார். இவ்வறிவே போதுமானது. பேச்சு நிகழுமுன்னரே பேச்சின் எல்லை வகுக்கப்பட்டுவிடுகின்றது. பெருமூலதனம் நவீன ஜனநாயகத்தைக் கட்டுப்படுத்தும் முறையை விளங்கிக்கொள்வதற்கு இலஞ்சம் என்ற கருத்தைக் காட்டிலும் முன்பணம் என்ற கருத்தே பெரிதும் உதவுகின்றது என நாம் கருதுகிறோம்.

இதனால் பழைய சம்மாட்டி முறையை நாம் மெச்சுவதாக எவரும் கொள்ள வேண்டியதில்லை. அது சுரண்டல் முறையே. எனினும் சம்மாட்டி அதே மணலில் நடந்தவர். அதே கோயிலில் நேர்த்தி வைத்தவர். முகமும் பெயரும் உடையவர். அவரோடு சண்டையிடலாம். பின்னர் வந்த மூலதனத்துக்கு இக்கரையில் முகமே இருக்கவில்லை.

அம்மூலதனம் எவ்வாறு வந்தது? இதனை அறிய நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் சில ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்து நோக்க வேண்டும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் புதிய அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. 1946ஆம் ஆண்டின் தேர்தற் கட்டளைச் சட்டம் வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு விதித்துக் கணக்குக் காட்டும் கடமையையும் சுமத்தியிருந்தது. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் அவ்வேற்பாட்டைக் கைவிட்டது. 1982 டிசம்பரில் பொதுஜன வாக்கெடுப்பு ஒன்றின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டது. 1988இல் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் விருப்பு வாக்கை அறிமுகம் செய்தது. 1989 பெப்ரவரியில் நடைபெற்ற பொதுத்தேர்தலே இப்புதிய முறையின் கீழ் நடைபெற்ற முதலாவது பொதுத்தேர்தல். சந்தை திறக்கப்பட்ட நான்கே ஆண்டுகளில் தேர்தற் செலவின் பூட்டும் திறக்கப்பட்டதைத் தற்செயல் என்று விட்டுவிட எமக்கு மனம் ஒப்பவில்லை.

விருப்பு வாக்கு முறை, தன் கட்சிக்காரரோடேயே போட்டியிடுமாறு வேட்பாளரைத் தூண்டியது. முன்னர் ஒரு தொகுதிக்குள் நடந்து வாக்குக் கேட்டவர், இப்போது மாவட்டம் முழுவதும் தன் இலக்கத்தை அறிவிக்க வேண்டியவரானார். புத்தளம் மாவட்டம் கற்பிட்டித் தீபகற்பத்திலிருந்து வென்னப்புவ வரை நீண்டு கிடக்கின்றது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர், எட்டு ஆசனங்கள். சுவரொட்டி, வாகனம், எரிபொருள், அலுவலகம், தொலைக்காட்சி நேரம் ஆகிய யாவும் பணம். ஓர் ஆசிரியரோ தொழிற்சங்கவாதியோ கடற்றொழிற் கூட்டுறவுச் சங்கத் தலைவரோ கைப்பணத்தைக் கொண்டு இம்மாவட்டத்தில் விருப்பு வாக்குப் பெறுவது எளிதன்று. ஆகவே வேட்பாளரும் பருவம் தொடங்குமுன் முன்பணம் தேடுபவராகின்றார்.

அப்பணம் எங்கிருந்து வந்தது என்று நாடு அறிய நேர்ந்த சந்தர்ப்பங்கள் சிலவே. மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தோடு தொடர்புடைய தொழிலதிபரின் குழுமத்தைச் சேர்ந்த மதுபானக் கம்பனி ஒன்றிடமிருந்து, 2015 தேர்தற் காலத்தில் 10 இலட்சம் ரூபாக் காசோலை கிடைத்ததை, வடமேல் மாகாணத்தின் முதலமைச்சராக முன்னர் இருந்த தயாசிறி ஜயசேகர 2018இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில், 2015 ஜனாதிபதித் தேர்தலின்போது சீனத் துறைமுகப் பொறியியற் கம்பனியின் கணக்கிலிருந்து மகிந்த ராஜபக்சவின் பரப்புரைக்குக் குறைந்தது 76 இலட்சம் டொலர் சென்றதாக நியூயோர்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. ராஜபக்ச அதனை மறுத்தார். முதலாவது செய்தி உண்மையென ஒப்புக்கொள்ளப்பட்டது, இரண்டாவது மறுக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை நாம் மதிக்கிறோம். எமது அக்கறை வேறொன்று. நன்கொடையைப் பெற்றவர் அதனை வாக்காளருக்கு முன்கூட்டியே அறிவிக்குமாறு செய்யும் தேர்தற் செலவுச் சட்டம் அந்நாளில் நாட்டில் இருக்கவில்லை.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் இவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது. அதன்படி 2024 செப்தெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்ற விகிதம் விதிக்கப்பட்டது. பதிவு பெற்ற 1,71,40,354 வாக்காளருக்கும் கணக்கிட்டால் ஒரு வேட்பாளர் 186 கோடி ரூபாவுக்கு மேல் செலவிடலாம். தேர்தல் முடிவு வெளியாகி 21 நாட்களுள் கணக்குக் காட்ட வேண்டும். பெயரறியாதவரிடமும் வெளிநாட்டு அரசுகளிடமும் நன்கொடை பெறலாகாது. நாற்பதாண்டு காலத் தாமதத்தின் பின்னர் கிடைத்த இச்சட்டம் வரவேற்கத்தக்கதே; அதனைக் குறைத்து மதிப்பிடுவோருடன் நாம் உடன்படவில்லை. எனினும் அதன் பார்வை தேர்தற் காலத்துக்குள் அடங்கிவிடுகின்றது. உடப்பு வாக்காளர் ஒருவரின் வாக்கைக் கேட்பதற்குச் செலவான 109 ரூபாவை அது எண்ணுகின்றது. அவர் வாக்களித்த பின் அவரது ஏரிக்கும் கால்வாய்க்கும் என்ன நேர வேண்டும் என்று தீர்மானிக்கும் பணம் அதன் கணக்கில் வருவதில்லை.

ஏரியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். 1980களின் தொடக்கத்தில் சிலாபம் முதல் புத்தளம் வரையான களப்போரங்களில் இறால் வளர்ப்புப் பரவிற்று. முதலில் வந்தவை பல்தேசக் கம்பனிகளும் கொழும்பின் பெரிய வணிக நிறுவனங்களும். ஏற்றுமதி அந்நியச் செலாவணியைத் தரும் என்பதால் அரசு வரிவிடுமுறையும் காணியும் வழங்கியது. கண்டற் காடுகள் அழிந்தன; கிணறுகளில் உப்பேறியது. பண்ணைகள் கால்வாயிலிருந்தே நீரை எடுத்தன; கழிவையும் அதே கால்வாயில் விட்டன. ஒருவரின் கழிவு மற்றவரின் உள்ளீடாக அமைந்த இவ்வேற்பாட்டில் நோய் பரவாதிருந்தாற்றான் வியப்பு. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது குளங்கள் வரிசையாக வீழ்ந்தன. பெரிய கம்பனிகள் பல, முன்னைய நோய்க் காலத்திலேயே விலகிச் சென்றுவிட்டன. கம்பனிக்குப் போக இடம் இருந்தது. முந்தல் ஏரியில் வீச்சுவலை போட்டவனுக்கு அது இருக்கவில்லை.

இவற்றில் கணிசமான பண்ணைகள் முறையான அனுமதியின்றி இயங்கியவை என்பதும், அரச காணி கிடைப்பதில் அரசியற் செல்வாக்கு வகித்த பங்கும் 1990களின் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. 1993இல் 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டபோது, பெருநிலத்தைச் சிறு துண்டுகளாகக் காட்டி விதியைத் தாண்டியோரும் உளர். இவ்வாண்டுகளில் புத்தளம் மாவட்டத்தில் தேர்தல்கள் நடைபெறாமலில்லை. 1989, 1994 பொதுத்தேர்தல்களில் மக்கள் வாக்களித்தனர். 1994இல் பதினேழு ஆண்டு ஆட்சியே மாறியது. குளங்கள் மாறவில்லை. இரு பெருங்கட்சிகளுக்கும் அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது.

இவ்விடத்து, கடலுக்கு அப்பால், உடப்பாரின் முன்னோர் வந்த கரையையும் நோக்குதல் தகும். தமிழகத்தின் தஞ்சைக் கழிமுகப் பகுதியில் சர்வோதயத் தலைவர் ச. ஜெகந்நாதன் இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1996 டிசம்பர் 11இல் நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துள் அமைந்த பண்ணைகளை அகற்றுமாறு ஆணையிட்டது. நிலமற்ற உழவரும் மீனவரும் பெற்ற பெருவெற்றி அது. அதன் பின்னர் நடந்ததை நம் முற்போக்கு ஏடுகள் போதிய அளவு எழுதவில்லை. 2005இல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம், அம்மண்டலத் தடை இப்பண்ணைகளுக்கு எப்போதுமே பொருந்தியிருக்கவில்லை என முன்தேதியிட்டு விதித்தது. நீதிமன்றம் சட்டத்தைப் படித்தது. பாராளுமன்றம் படிக்கப்பட்ட சட்டத்தையே மாற்றியது. மக்களால் தெரிவு செய்யப்பட்ட சபை, முறைப்படி, வாக்கெடுத்துச் செய்த காரியம் இது.

இதில் எவர் எவருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று நாம் கூறவில்லை. கூறத் தேவையும் இல்லை. ஏற்றுமதி வருவாயில் தங்கியிருக்கும் அரசுக்கு எவரும் தனியாக இலஞ்சம் கொடுக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே முன்பணம் பெற்ற நிலையில் இருக்கின்றது. நன்கொடை ஒரு வழி, தங்கியிருத்தல் மற்றொரு வழி. தேர்தற் சட்டங்கள் முதலாவதையே அறியும். முதலாவதை முற்றாக அடைத்தாலும் இரண்டாவது திறந்தே இருக்கும்.

இலங்கை 2022 ஏப்ரலில் தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தபின் இவ்வுண்மை வெளிப்படையாயிற்று. அவ்வாண்டு ஜூன் 9இல் பாராளுமன்றம் மின்சாரச் சட்டத்தைத் திருத்தி, மின்னுற்பத்தித் திட்டங்களுக்கான போட்டி விலைமனுக் கட்டாயத்தை நீக்கியது. புத்தளத்துக்கு வடக்கே மன்னாரிலும் பூநகரியிலும் அதானி குழுமம் அமைக்கவிருந்த காற்றாலைத் திட்டம் அப்போது பேச்சில் இருந்தது. மறுநாள் கோப் குழுவின் முன் சாட்சியமளித்த மின்சார சபைத் தலைவர், இத்திட்டத்தை அக்குழுமத்துக்கு வழங்குமாறு இந்தியப் பிரதமர் அழுத்தம் கொடுத்ததாக ஜனாதிபதி தம்மிடம் கூறினார் என்றார், ஜனாதிபதி மறுத்தார், தலைவர் தம் கூற்றை மீளப்பெற்றுப் பதவி விலகினார். எந்தக் கூற்று மெய் என்று தீர்ப்பது எமது பணியன்று. மீளப்பெறப்பட்டது சாட்சியம்; திருத்தம் மீளப்பெறப்படவில்லை என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது. மன்னார் மக்கள் பல மாதங்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2025 பெப்ரவரியில் அக்குழுமம் தானாகவே திட்டத்திலிருந்து விலகியது. புதிய அரசு விலையை மீளாய்வு செய்ய முற்பட்டதன் பின்னர் எடுக்கப்பட்ட முடிவு அது. ஆட்சி மாற்றம் இங்கு ஓரளவு பயன் தந்தது என்பதை நாம் மறைக்கவில்லை.

உடப்பில் ஆடிதோறும் பாரதக் கதை நிகழ்ந்து வருகின்றது. சூதில் தன்னைத் தோற்றபின் மனைவியைப் பணயம் வைக்கத் தருமனுக்கு உரிமை உண்டா என்று திரௌபதை சபையில் எழுப்பிய வினா இவ்வூரார் அறியாததன்று. பாட்டனார் முதல் ஆசாரியர் வரை சான்றோர் யாவரும் வீற்றிருந்த சபை அது. எனினும் விடை கிடைக்கவில்லை. தன்னையே ஈடுவைத்த அரசு, கரையையும் களப்பையும் ஈடுவைக்கும் உரிமையை எங்கிருந்து பெறுகின்றது என்பது நம் அரசறிவியலாளர் இனித்தான் முறையாக எழுப்ப வேண்டிய வினா.

மூலதனத்தின் செல்வாக்கு எப்போதும் இத்தகைய பெருந்திட்டங்களாகவே வருவதில்லை. 2020 ஓகஸ்ட் பொதுத்தேர்தல் முடிந்து ஏறத்தாழப் பத்து வாரங்களில், ஒக்டோபர் 13ஆம் திகதி வர்த்தமானியால், இறக்குமதிச் சீனி கிலோ ஒன்றுக்கான விசேட வரி 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. விலை அதற்கேற்பக் குறையவில்லை. அரசு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் வருமானம் இழந்ததாகவும் அதன் பயன் நுகர்வோரைச் சேரவில்லை என்றும் பாராளுமன்ற நிதிக் குழு 2021இல் வெளிப்படுத்தியது. வலை இழுத்தவன் தேநீர்க் கடையில் கொடுத்த சில்லறையில் மாற்றமில்லை. இறக்குமதியாளரின் கணக்கில் மட்டும் மாற்றம். எந்த விஞ்ஞாபனத்திலும் இவ்வரிக் குறைப்பு இருந்ததாக எவரும் காட்டவில்லை.

இப்பொருள் பற்றி நம்மிடையே வழங்கும் மூன்று நிலைப்பாடுகளை இங்குக் குறிப்பிடல் வேண்டும். முதலாவது, யாவற்றையும் தனிமனித ஊழலாகக் காண்பது. கள்வரை விரட்டி நல்லவரை அனுப்பினால் போதும் என்பது அதன் முடிவு. 1994இன் அனுபவமே அதற்குப் போதிய மறுப்பு. இரண்டாவது, உடப்பின் இடரை இனப் பிரதிநிதித்துவத்தின் குறையாக மட்டும் காண்பது. சிங்களவர் பெரும்பான்மையினராகவும் முஸ்லிம்கள் அடுத்த நிலையினராகவும் வாழும் மாவட்டத்தில் தமிழரின் சிறுதொகை உண்மையான இடரே; அவர்களது குரல் சபையேறாமையை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் உப்பேறிய கிணறுகள் மூவினத்தார் வளவுகளிலும் இருந்தன. தமிழ் உறுப்பினர் ஒருவரும் அதே தேர்தற் செலவுக் கணக்கோடுதான் சபை செல்வார்.

மூன்றாவது நிலைப்பாடு நம் அணியினரிடமே காணப்படுவது. ஆதலின் அதனை விரிவாக மறுக்க வேண்டியுள்ளது. முதலாளித்துவ ஜனநாயகம் என்றுமே பணத்தின் ஆட்சிதான், இதில் நன்கொடைச் சட்டமும் கணக்கு வெளியீடும் வெறும் ஒப்பனை என்பர் அவர்கள். இக்கூற்றின் முற்பகுதியில் உண்மை உண்டு. பிற்பகுதி சோம்பலின் விளைவு. 1957இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் எம். சி. சக்லா, ரற்றா இரும்பு உருக்குக் கம்பனி அரசியற் கட்சிகளுக்கு நன்கொடை வழங்க வகைசெய்யும் அமைப்புவிதித் திருத்தத்தை அனுமதிக்கும் வேளையிலேயே, இப்போக்கு ஜனநாயகத்துக்கு ஆபத்தானதென எச்சரித்தார். அவர் புரட்சியாளரல்லர். 1969இல் இந்தியா கம்பனி நன்கொடைகளைத் தடை செய்தது. 1985இல் தடை நீங்கியது. 2018இல் பெயர் மறைத்த தேர்தற் பத்திரங்கள் வந்தன. 2024 பெப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அவற்றை அரசியலமைப்புக்கு முரணானவை என நீக்கி, விவரங்களை வெளியிடச் செய்தது. அப்போதுதான் 1,368 கோடி இந்திய ரூபாவுக்குப் பத்திரம் வாங்கி முதலிடம் பெற்றது ஒரு லொத்தர் நிறுவனம் என்பதும், அதில் 509 கோடி திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சேர்ந்தது என்பதும், ஒட்டுமொத்தத்தில் மிகப் பெரும் பங்கைப் பாரதிய ஜனதாக் கட்சி பெற்றது என்பதும் மக்களுக்குத் தெரியவந்தன. ஏழைகளின் நாளாந்தக் கூலியிலிருந்து திரண்ட லொத்தர்ப் பணம் சமூகநீதி பேசும் கட்சிக்குப் பாய்ந்ததை அறிதல் ஒப்பனையாகுமா? வாசற்படியை அறியாதவன் எவ்வாசலில் நின்று போராடுவான்?

இலங்கையில் இவ்வறிதலுக்கான ஏடுகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் உள்ளன. வேட்பாளரும் கட்சியும் சமர்ப்பிக்கும் வரவுசெலவு விவரம் தேர்தல் அலுவலகத்தில் உள்ளது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஆண்டறிக்கையில் காட்டப்படும் நன்கொடைத் தொகை கம்பனியிடம் உள்ளது. ஆனால் அங்கு அது ஒரே கூட்டுத்தொகை; கோயிலுக்குக் கொடுத்ததும் வைத்தியசாலைக்குக் கொடுத்ததும் கட்சிக்குக் கொடுத்ததும் ஒரே வரியில் அடங்கிவிடும். அவ்வரியைப் பிரித்து எழுதுமாறு ஒரு திருத்தம் போதும். கரையோரக் காணி, குத்தகை, அனுமதி ஆகியவற்றின் பதிவேடு மூன்றாவது. அது பிரதேச செயலகங்களில் துண்டுதுண்டாகக் கிடக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதனைக் கோரிப் பெறலாம். முந்தல் பிரதேசத்திலிருந்து தொடங்கலாம். அம்பாப் பாடல் திரட்டச் செல்லும் நம் மாணவர் அடுத்த முறை ஒலிப்பதிவுக் கருவியோடு இக்கோரிக்கைப் படிவத்தையும் எடுத்துச் செல்வாராயின், ஊராருக்கும் ஆய்வுக்கும் ஒருங்கே பயன்படும்.